நாதயோகி முத்துசுவாமி தீட்சிதர்

திருவாரூர் தந்த சங்கீத மும்மூர்த்திகளுள் வயதில் இளையவர் முத்துசுவாமி தீட்சிதர். இவர்தம் தந்தையார் இராமசுவாமி தீட்சிதர், அம்சத்துவனி இராகத்தைத் தோற்றுவித்த பெரியார். நெடுங்காலம் மகப்பேறின்றி வருந்திய அவர், வைத்தீசுவரன் கோயிலில் விரதமிருந்து பெற்ற மைந்தருக்கு அத்தலத்து முருகன் திருநாமத்தையே சூட்டினார்.

வடமொழியும் வீணையும் இளமையிலேயே இவருக்குக் கைவந்தன. குடும்பம் சென்னையை அடுத்த மணலியில் வாழ்ந்த நாளில், ஆங்கிலேயரின் பாண்டு வாத்தியத்தைக் கேட்கும் வாய்ப்பு உண்டாயிற்று. அந்நிய இசையென்று இவர் அதனை வெறுக்கவில்லை. கேட்டு மயங்கித் தம்மை இழக்கவுமில்லை. அம்மெட்டுக்களுக்கு வடமொழியில் தெய்வத் துதிகளை அமைத்தார். நோட்டுசுவர சாகித்தியங்கள் எனப்படுவன அவையே. தம்பியார் பாலுசுவாமி மேனாட்டுப் பிடிலைக் கற்று, நம் இசைக்கு இசைவித்தார். இன்று அவ்வாத்தியமின்றி நடைபெறும் கச்சேரி அரிதன்றோ!

சிதம்பரநாத யோகியுடன் காசி சென்று சில ஆண்டுகள் தங்கிய தீட்சிதர், வடநாட்டு இசையின் நுட்பங்களையும் உணர்ந்தார். குருவை இழந்து திரும்பியவருக்குத் திருத்தணிகையில் முருகப் பெருமானே முதியவராய் வந்து வாயிற் கற்கண்டிட்டு அருளினார் என்பர். அன்று தொட்டுக் குருகுக என்பதே இவரது முத்திரையாயிற்று.

வீணையின் கமகமும் விளம்ப நடையும் இவர்தம் கிருதிகளின் தனிச்சிறப்பு. திருவாரூர்க் கமலாம்பிகை மீது நவாவரணக் கீர்த்தனைகளை இயற்றினார். கோயில் மத்தளக்காரரான தம்பியப்பன் வயிற்று நோயால் வாடியபோது, அவர் துயர் தீரக் கிரகக் கீர்த்தனை பாடிக் கொடுத்தார் என்பது வழிவழிச் செய்தி. பொன்னையா, வடிவேலு முதலிய தஞ்சை நால்வரும் இவருடைய மாணாக்கரே.

1835ஆம் ஆண்டு தீபாவளித் திருநாளில் எட்டயபுரத்தில் இறைவனடி சேர்ந்தார். இவர் பொருள் சேர்த்து வைத்தாரல்லர். மாணாக்கர் நாவிலும் குடும்பத்தார் ஏட்டிலுமே அச்செல்வம் தங்கியிருந்தது. வழித்தோன்றலான சுப்பராம தீட்சிதர் முதுமையிலும் தளராதுழைத்து, 1904இல் வெளிவந்த சங்கீத சம்பிரதாயப் பிரதர்சினியில் 200க்கு மேற்பட்ட கிருதிகளைச் சுரப்படுத்தித் தந்திராவிடின், அவற்றுட் பல நமக்குக் கிட்டாமலே மறைந்திருக்கும்.

இளைஞர்காள்! பிறர் கலையைக் கற்க அஞ்ச வேண்டியதில்லை. நம் கலையைக் கல்லாதிருக்கவே அஞ்சுதல் வேண்டும். ஒரு கீர்த்தனையையேனும் ஒரு தேவாரத்தையேனும் பெரியோரிடம் முறையாகப் பாடம் கேட்டு, அடுத்த தலைமுறைக்கு ஒப்புவிப்போமாக. தீட்சிதருக்கு நாம் செய்யத்தக்க வழிபாடு அதுவேயாம்.