சிறைக்குள் ஏற்றிய விளக்கு: எலிசபெத் பிரை அம்மையார்

குற்றவாளியைக் கடுமையாகத் தண்டித்தால் மற்றவர்கள் அஞ்சி நல்வழியில் நடப்பார்கள் என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். உயிரையே பறித்துவிட்டால் அந்த அச்சம் இன்னும் பெருகும் என்றும் நம்புகிறோம். இந்த நம்பிக்கையை ஒரு நாடு நூறு ஆண்டுகளுக்கும் மேலாகச் சோதித்துப் பார்த்தது. அந்நாடு இங்கிலாந்து. அச்சோதனையின் பலனைச் சிறைக்குள்ளேயே சென்று தம் கண்களால் கண்டவர் எலிசபெத் பிரை அம்மையார்.

இவர் 1780ஆம் ஆண்டு மே மாதம் 21ஆம் நாள் நார்விச் நகரில் பிறந்தார். தந்தை ஜான் கர்னி செல்வம் மிக்க வணிகர். எலிசபெத்துக்குப் பன்னிரண்டு வயதானபோது அன்னை இறந்தார். தம்பி தங்கையரைப் பேணும் பொறுப்பில் அவருக்கும் பங்கு வந்தது. அவர் குடும்பம் குவேக்கர் எனப்படும் கிறிஸ்தவ சபையைச் சேர்ந்தது. எளிய உடை, அமைதியான வழிபாடு, போரையும் கொலையையும் மறுத்தல் ஆகியவை அச்சபையின் கொள்கைகள். ஆனாலும் இளம் வயதில் எலிசபெத் ஆடலையும் பாடலையும் விரும்பும் பெண்ணாகவே இருந்தார். 1798இல் அமெரிக்காவிலிருந்து வந்த வில்லியம் சேவரி என்பவரின் பிரசங்கம் அவர் உள்ளத்தை மாற்றியது. ஏழைப் பிள்ளைகளை வீட்டுக்கு அழைத்து எழுத்தறிவித்தார். 1800இல் ஜோசப் பிரை என்பவரை மணந்து லண்டனில் குடியேறினார். அவர்களுக்குப் பதினொரு குழந்தைகள் பிறந்தனர்.

அக்காலத்து இங்கிலாந்துச் சட்டத்தைக் கேட்டால் நமக்கு உடல் நடுங்கும். இருநூறுக்கும் மேற்பட்ட குற்றங்களுக்கு மரண தண்டனை விதிக்கலாம். கடையில் ஐந்து ஷில்லிங் பெறுமான பொருளைத் திருடினாலும் தூக்கு. ஆட்டைத் திருடினாலும் தூக்கு. கள்ள நோட்டை மாற்றினாலும் தூக்கு! தூக்கிலிடுவதும் ஊரறியப் பொது இடத்தில்தான் நடந்தது. பார்ப்பவர்கள் அஞ்சவேண்டும் என்பதே நோக்கம். நடந்ததோ வேறு. மக்கள் திருவிழாவுக்குக் கூடுவதுபோலக் கூடினார்கள். அந்த நெரிசலில் ஜேப்படித் திருடர்கள் கைவரிசை காட்டினார்கள். 1808 வரை ஜேப்படித் திருட்டும் தூக்குக்குரிய குற்றமே! தூக்குமரத்தின் நிழலிலேயே அதே குற்றம் நடந்தது.

இன்னொரு விந்தையும் உண்டு. வீட்டினுள் நாற்பது ஷில்லிங் பெறுமான பொருளைத் திருடினால் தூக்கு என்பது சட்டம். வழக்கை விசாரித்த ஜூரிகளும் மனிதர்கள்தாமே? எனவே பொருளின் மதிப்பு முப்பத்தொன்பது ஷில்லிங் என்று வேண்டுமென்றே குறைத்துச் சொல்லி உயிரைக் காப்பாற்றினார்கள். சில வேளைகளில் குற்றவாளியை முழுதுமாகவே விடுவித்தார்கள். தண்டனை மிகக் கொடியதாக இருந்ததால், தண்டனை கிடைக்குமா என்பதே ஐயமாகிவிட்டது.

1813ஆம் ஆண்டு அம்மையார் முதன்முறையாக லண்டன் நியூகேட் சிறையின் பெண்கள் பகுதிக்குள் நுழைந்தார். ஏறக்குறைய முந்நூறு பெண்களும் அவர்தம் குழந்தைகளும் சில அறைகளில் அடைபட்டுக் கிடந்தனர். படுக்கையில்லை, போதிய உடையில்லை. சமையலும் உறக்கமும் ஒரே இடத்தில். விசாரணைக்குக் காத்திருந்தவளும் தூக்குக்குக் காத்திருந்தவளும் ஒன்றாக இருந்தனர். குடியும் சூதும் சண்டையும் ஓயவில்லை. சிறை அதிகாரிகளே உள்ளே செல்ல அஞ்சினர். தூக்குமரம் அடுத்த வாசலில் நின்றும் அச்சத்தால் அங்கு எவரும் திருந்தவில்லை என்பதை அம்மையார் கண்டார்.

குடும்பக் கவலைகளால் சில ஆண்டுகள் கழித்தே அவரால் மீண்டும் அங்குச் செல்ல முடிந்தது. 1817இல் தோழியர் சிலரோடு ஒரு சங்கம் அமைத்தார். முதலில் சிறையிலிருந்த குழந்தைகளுக்குப் பள்ளி தொடங்கினார். கடிகாரம் திருடியதற்காகச் சிறைப்பட்டிருந்த மேரி கானர் என்ற பெண்ணே அதன் ஆசிரியை! பிறகு பெண்களுக்குத் தையலும் பின்னலும் கற்பிக்கப்பட்டன. அவர்கள் செய்த பொருள்கள் விற்பனையாயின. கையில் காசு சேர்ந்தது. நாள்தோறும் வேதாகமம் வாசிக்கப்பட்டது. ஒழுங்கு விதிகளை அம்மையார் திணிக்கவில்லை. ஒவ்வொரு விதியையும் படித்துக் காட்டி, அப்பெண்களே கையுயர்த்தி ஒப்புக்கொண்ட பின்னரே நடைமுறைப்படுத்தினார். சில வாரங்களில் அச்சிறைப் பகுதியின் தோற்றமே மாறியது. நகர மேயர் நேரில் வந்து பார்த்து வியந்தார்.

ஆனால் அன்பினாலும் எல்லாரையும் காப்பாற்ற முடியவில்லை. 1818இல் ஹேரியட் ஸ்கெல்டன் என்ற பெண்ணுக்குக் கள்ள நோட்டு மாற்றிய குற்றத்துக்காகத் தூக்குத் தண்டனை விதிக்கப்பட்டது. அவர் சிறையில் நல்லொழுக்கத்தோடு நடந்துகொண்டவர். அம்மையார் இங்கிலாந்து வங்கியாரிடம் மன்றாடினார்; உள்துறை அமைச்சர் சிட்மத் பிரபுவிடமும் முறையிட்டார். தண்டனையைத் தளர்த்தினால் மக்களுக்கு அச்சம் போய்விடும் என்பது அமைச்சரின் கருத்து. ஹேரியட் தூக்கிலிடப்பட்டார். அம்மையார் கண்ணீரோடு திரும்பினார். தூக்குத் தண்டனை மக்களுக்குப் பாதுகாப்புத் தருவதில்லை, அவர்கள் நெஞ்சைக் கல்லாக்கி உயிரின் மதிப்பைக் குறைத்துவிடுகிறது என்பதே அவர் கண்ட முடிவு.

அதே 1818இல் பிரிட்டிஷ் பாராளுமன்றக் குழுவின் முன் அவர் சிறை நிலைமை பற்றிச் சாட்சியம் அளித்தார். அக்காலத்தில் ஒரு பெண்ணுக்கு அது மிக அரிய வாய்ப்பு. அவருடைய தங்கையின் கணவர் தாமஸ் பவல் பக்ஸ்டன் பாராளுமன்றத்தில் தூக்குச் சட்டங்களை எதிர்த்துப் பேசினார்.

கள்ள நோட்டுக் குற்றம் எப்படிக் குறைந்தது தெரியுமா? 1797 முதல் 1821 வரை முந்நூறுக்கும் மேற்பட்டோரைத் தூக்கிலிட்டும் அது நிற்கவில்லை. எளிதில் போலி செய்யக்கூடிய ஒரு பவுன் நோட்டுகளை 1821 முதல் திரும்பப் பெற்று, பொன் நாணயங்களைப் புழங்கவிட்டதும் குறைந்தது! 1830இல் வங்கி முதலாளிகளே, கள்ளக் கையெழுத்துக் குற்றங்களுக்குத் தூக்கு வேண்டாம் என்று மனுக் கொடுத்தார்கள். தூக்கு என்பதால் ஜூரிகள் தண்டிக்கத் தயங்குகிறார்கள், குற்றவாளிகள் தப்பிவிடுகிறார்கள் என்பது அவர்கள் குறை.

சிறு திருட்டுக்கு உயிரைப் பறிப்பது தவறுதான், கொலைகாரனையும் பயங்கரவாதியையும் விடலாமா என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்வி. கொலையுண்டவரின் குடும்பத்தார் வடிக்கும் கண்ணீரை எவரும் மறக்கக் கூடாது. குற்றவாளியைப் பிடித்துச் சிறையில் வைக்கத்தான் வேண்டும். ஆனால் கோபத்திலும் குடிவெறியிலும் கொலை செய்பவன் தூக்குக் கயிற்றை நினைத்துப் பார்ப்பதில்லை. திட்டமிட்டுச் செய்பவன் அகப்படமாட்டோம் என்றே நினைக்கிறான். சாகத் துணிந்து வரும் பயங்கரவாதியைச் சாவைக் காட்டி எப்படி அச்சுறுத்துவது? கனடா நாடு 1976இல் கொலைக்கு மரண தண்டனையை ஒழித்தது. அடுத்துவந்த பத்தாண்டுகளில் அங்குக் கொலை விகிதம் உயரவில்லை, குறைந்தது. அமெரிக்க தேசிய ஆராய்ச்சிக் குழு 2012இல் பல ஆய்வுகளை அலசிப் பார்த்து, மரண தண்டனை கொலையைத் தடுக்கிறது என்று அவற்றால் நிறுவ முடியவில்லை என்று கூறியது. பிரிட்டன் 1965இல் கொலைக்குத் தூக்கை நிறுத்தி, 1969இல் அதை நிலையாக்கியது. 2018இல் திருத்தந்தை பிரான்சிஸ், மரண தண்டனை ஏற்கத்தக்கதன்று என்று நம் திருச்சபையின் மறைக்கல்வி ஏட்டிலும் திருத்தம் செய்தார்.

எலிசபெத் பிரை அம்மையார் இவற்றில் எதையும் காணவில்லை. 1845ஆம் ஆண்டு அக்டோபர் 12ஆம் நாள் ராம்ஸ்கேட் என்ற கடற்கரை ஊரில் உயிர் நீத்தார். ஆனால் காலம் அவரை மறக்கவில்லை. கள்ள நோட்டுக்காக ஒரு பெண்ணைக் கொல்லவேண்டாம் என்று எந்த வங்கியிடம் மன்றாடித் தோற்றாரோ, அதே இங்கிலாந்து வங்கி 2002இல் வெளியிட்ட ஐந்து பவுன் நோட்டில் அவர் உருவத்தையே அச்சிட்டது. நியூகேட் கைதிகளுக்கு அவர் வாசித்துக் காட்டும் காட்சியும் அதில் இடம்பெற்றது!

அன்புத் தோழியரே! பிரம்புக்கு அஞ்சி அடங்கிய வகுப்பு, ஆசிரியை வெளியே சென்றதும் சந்தையாகிவிடும். நாமே ஒப்புக்கொண்ட ஒழுங்கோ யாரும் இல்லாதபோதும் நிற்கும். இதைத்தான் அம்மையார் நியூகேட்டில் மெய்ப்பித்தார். தவறியவரைக் கண்டால் முதலில் கல்லைத் தேடாமல், கையை நீட்டும் உள்ளம் நமக்கும் வாய்ப்பதாக!