பல்லாவரத்துக் கல்

குழந்தைகளே, நீங்கள் என்ன சேகரிக்கிறீர்கள்? தபால் தலையா, பழைய நாணயமா, தீப்பெட்டிப் படமா? இந்த வாரம் நாம் சந்திக்கப் போகிறவர் சேகரித்தது கல். வைரம், வைடூரியம் என்று நினைத்துவிடாதீர்கள். சாலை போடுவதற்காகக் கொட்டி வைத்திருக்கும் சரளையில் கிடந்தால் நாமெல்லாம் தாண்டிப் போய்விடும் சாதாரணக் கல். அதைத்தான் அவர் நாற்பது ஆண்டுகளுக்கும் மேல் தேடித் தேடிப் பொறுக்கினார்.

அவர் பெயர் ராபர்ட் புரூஸ் ஃபூட். 1834-ம் ஆண்டு செப்டம்பர் 22-ம் தேதி இங்கிலாந்தில் உள்ள செல்டன்ஹாம் என்ற ஊரில் பிறந்தார். 1858-ல், 24 வயதில், இந்திய நிலவியல் ஆய்வுத் துறையில் வேலை கிடைத்துச் சென்னைக்கு வந்தார். எந்த ஊரில் என்ன பாறை இருக்கிறது, எங்கே தாதுக்கள் கிடைக்கும் என்று நடந்து பார்த்து வரைபடம் போடுவதுதான் அவருடைய வேலை. அன்றைய ஆங்கிலேய அரசுக்கு இந்திய மண்ணுக்கு அடியில் என்ன இருக்கிறது என்று தெரிய வேண்டும். அதற்காகத்தான் சம்பளம் கொடுத்தது. ஆதிமனிதர்களின் கருவிகளைத் தேடச் சொல்லி அவருக்கு யாரும் உத்தரவு போடவில்லை. அது அவராகப் பிடித்துக்கொண்ட பொழுதுபோக்கு.

அந்தப் பொழுதுபோக்கு எங்கிருந்து தொற்றியது தெரியுமா? பிரான்ஸ் நாட்டிலிருந்து! அங்கே ஆப்வில் என்ற ஊரில் பூஷே த பெர்த் என்று ஒரு சுங்க அதிகாரி இருந்தார். சோம் ஆற்றங்கரைச் சரளையில், அழிந்துபோன விலங்குகளின் எலும்புகளோடு செதுக்கிய கற்களும் கிடைப்பதை அவர் கவனித்தார். அந்த விலங்குகள் வாழ்ந்த காலத்திலேயே மனிதர்களும் இருந்திருக்கிறார்கள் என்று எழுதினார். அறிஞர்கள் பலர் சிரித்தார்கள். உலகம் தோன்றியே சுமார் 6000 ஆண்டுகள்தான் ஆகின்றன என்று ஐரோப்பாவில் பலர் நம்பிக்கொண்டிருந்த காலம் அது. கடைசியில் 1859-ல் இங்கிலாந்திலிருந்து ஜோசப் பிரெஸ்ட்விச், ஜான் எவன்ஸ் என்ற இருவர் நேரில் போய்ப் பார்த்து, சுங்க அதிகாரி சொன்னது சரி என்று அறிவித்தார்கள். வேடிக்கை என்னவென்றால், பிரெஸ்ட்விச் ஒரு திராட்சை மது வியாபாரி. எவன்ஸ் காகித ஆலை நடத்தியவர். மனித வரலாற்றையே பின்னுக்கு நகர்த்திய இந்த மூன்று பேருக்கும் இது ஓய்வு நேர வேலைதான்!

இந்தச் செய்தியைப் படித்த ஃபூட்டுக்கு ஒரு யோசனை வந்தது. பிரான்ஸில் கிடைக்கும் என்றால் இங்கே ஏன் கிடைக்கக் கூடாது? அன்று முதல் பாறைகளைப் பார்த்துக்கொண்டே போகும்போது, காலடியில் கிடக்கும் சரளையையும் அவர் கவனிக்கத் தொடங்கினார்.

1863-ம் ஆண்டு மே 30-ம் தேதி. சென்னையை அடுத்த பல்லாவரம். இன்று விமான நிலையத்துக்குப் பக்கத்தில், வீடும் கடையுமாக நெருக்கியடித்துக்கொண்டு இருக்கிறதே, அதே பல்லாவரம்தான். அப்போது அங்கே ராணுவ வீரர்கள் அணிவகுக்கும் மைதானம் இருந்தது. அதன் அருகே செம்மண் சரளை எடுக்க ஒரு குழி வெட்டியிருந்தார்கள். வெட்டி வெளியே போட்டிருந்த சரளையில் ஒரு கல் ஃபூட்டின் கண்ணில் பட்டது. குவார்ட்சைட் என்னும் மிக உறுதியான கல். ஒரு முனை கூராக இருந்தது. இரண்டு பக்கமும் சில்லு சில்லாகப் பெயர்த்து எடுத்த அடையாளம்.

ஆற்றில் உருண்டு வந்த கல் எப்படி இருக்கும்? கூழாங்கல் மாதிரி வழவழவென்று இருக்கும். பாறையிலிருந்து தானாக உடைந்த கல்லோ எப்படி வேண்டுமானாலும் உடைந்திருக்கும். ஆனால், முன்னும் பின்னும் மாற்றி மாற்றித் தட்டி, ஓரத்தைக் கத்தி போலக் கொண்டுவர வேண்டுமானால் அதற்கு ஒரு கை வேண்டும். அந்தக் கைக்குப் பின்னால் ஒரு மூளையும் வேண்டும். ஃபூட் கையில் எடுத்தது ஒரு கைக்கோடரி. பிடி கிடையாது, அப்படியே உள்ளங்கையில் பிடித்து இறைச்சியை அறுக்கலாம், கிழங்கு தோண்டலாம், எலும்பை உடைக்கலாம். இந்தியாவில் பழைய கற்கால மனிதர்கள் வாழ்ந்தார்கள் என்பதற்கு முதன்முதலில் அடையாளம் கண்டுகொள்ளப்பட்ட சாட்சி அதுதான்.

ஆனால், ஒரு சிக்கல். அந்தக் கல் குழிக்கு வெளியே கிடந்தது. பூமிக்குள் எந்த ஆழத்தில், எந்த மண் அடுக்கில் இருந்தது என்று எப்படிச் சொல்ல முடியும்? நேற்று யாரோ கொண்டுவந்து போட்டது என்று ஒருவர் சொல்லிவிட்டால் என்ன பதில்? ஒரே ஒரு கல்லை வைத்துக்கொண்டு வாதாட முடியாது அல்லவா?

ஃபூட் தேடிக்கொண்டே இருந்தார். நான்கு மாதம் கழித்து, செப்டம்பர் 28-ம் தேதி, உடன் வேலை பார்த்த வில்லியம் கிங்கோடு திருவள்ளூர் பக்கம் போனார். கொசஸ்தலை ஆற்றுக்கு அருகே அத்திரம்பாக்கம் என்ற சிற்றூர். மழைநீர் அரித்த ஓடைகளில் கற்கருவிகள் கிடந்தன. ஓடைக் கரையில், செம்மண் சரளை அடுக்குக்குள்ளேயே பதிந்தும் இருந்தன. இனி யாரும் மறுக்க முடியாது. அந்த அடுக்கு எவ்வளவு பழையதோ, கருவியும் அவ்வளவு பழையதுதான்!

இந்த வில்லியம் கிங்கைப் பற்றி ஒரு சின்னச் செய்தி. அவருடைய அப்பா பெயரும் வில்லியம் கிங்தான்; அயர்லாந்தில் பேராசிரியர். நியாண்டர்தால் மனிதனுக்கு அறிவியல் பெயர் சூட்டியவர் அந்த அப்பா. ஐரோப்பாவில் அப்பா ஆதிமனிதனின் எலும்பை ஆராய்ந்துகொண்டிருந்த அதே காலத்தில், மகன் திருவள்ளூர் பக்கத்தில் ஆதிமனிதனின் கருவியைப் பொறுக்கிக்கொண்டிருந்தார்!

ஃபூட்டின் குடும்பத்துக்கும் தமிழுக்கும்கூட ஓர் உறவு உண்டு. அவருடைய மனைவி எலிசபெத்தின் தந்தை பீட்டர் பெர்சிவல் பாதிரியார். தமிழ்ப் பழமொழிகளைத் திரட்டிப் புத்தகமாகப் போட்டவர். யாழ்ப்பாணத்தில் அவர் பைபிளைத் தமிழில் மொழிபெயர்த்தபோது உடனிருந்து உதவியவர் ஆறுமுக நாவலர். மாமனார் பழமொழி சேகரித்தார், மருமகன் கல் சேகரித்தார்!

அதன் பிறகு ஃபூட் சும்மா இருக்கவில்லை. வேலை எங்கே இழுத்துச் சென்றதோ அங்கெல்லாம் தேடினார். கடப்பை, கர்நூல், பெல்லாரி, மதுரை, திருநெல்வேலி என்று தென்னிந்தியா முழுக்கச் சுற்றினார். ரயில் வசதி அதிகம் இல்லாத காலம். வெயில் குறைந்த மாதங்களில் கூடாரம் அடித்துத் தங்கி வேலை செய்ய வேண்டும். கர்நூல் பக்கத்தில் உள்ள பில்லசர்கம் குகைகளை 1884-ல் தோண்டினார். ராணுவத்தில் இருந்த மகனும் அந்த வேலையில் சேர்ந்துகொண்டார். பழங்கால விலங்குகளின் எலும்புகள் ஏராளமாகக் கிடைத்தன.

பெல்லாரிப் பக்கத்தில் ஒரு மர்மம் காத்திருந்தது. அங்கே வெட்டவெளியில் பெரிய பெரிய சாம்பல் மேடுகள் இருக்கின்றன. இத்தனை சாம்பல் எங்கிருந்து வந்தது? அரக்கர்களை எரித்த சாம்பல் என்றார்கள் ஊர்மக்கள். எரிமலையோ என்று சந்தேகப்பட்டார்கள் சிலர். மனிதர்களைக் கூட்டமாக எரித்த இடம் என்றவர்களும் உண்டு. ஃபூட் அந்த மேடுகளில் மெருகேற்றிய கற்கோடரிகளையும், பானை ஓடுகளையும், மாட்டு எலும்புகளையும் கண்டார். யோசித்துப் பார்த்து, எல்லாரையும்விட எளிய பதிலைச் சொன்னார்: மாட்டுச் சாணம்! புதிய கற்காலத்தில் மாடு மேய்த்தவர்களின் பட்டிகளில் மலைபோல் சேர்ந்த சாணம் எரிந்த சாம்பல் என்றார். இதை எல்லாரும் உடனே ஏற்றுக்கொண்டுவிடவில்லை. 1957-ல், இன்றைய தெலங்கானாவில் உள்ள உட்நூரில் ரேமண்ட் ஆல்சின் என்ற ஆய்வாளர் ஒரு சாம்பல் மேட்டைத் தோண்டினார். உள்ளே மாட்டுப்பட்டி இருந்த தடயம் கிடைத்தது. மாடுகளின் குளம்புத் தடங்கள்கூட அப்படியே பதிந்திருந்தன. ஃபூட் சொன்னதுதான் சரி. ஆனால், அதைக் கேட்க அவர் உயிரோடு இல்லை.

அவர் சொன்னதெல்லாம் சரியாகிவிடவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். 1891-ல் ஓய்வு பெற்றபின் பரோடா சமஸ்தானத்துக்காக வேலை செய்தார். குஜராத்தில் சபர்மதி ஆற்றங்கரையில், பழைய கற்காலக் கருவி கிடைத்த அடுக்குக்கு மேலே மிகத் தடிமனான வண்டல் மண்ணைப் பார்த்தார். பழைய கற்காலத்துக்கும் புதிய கற்காலத்துக்கும் நடுவில் மனிதர்களே இல்லாத நீண்ட இடைவெளி இருந்தது என்று முடிவு கட்டினார். பின்னால் வந்தவர்கள் அந்த இடைவெளிக் காலத்துக் கருவிகளையும் கண்டுபிடித்துவிட்டார்கள்.

சரி, கல் பொறுக்குவது ஒரு பெரிய காரியமா என்று உங்களில் யாராவது கேட்கலாம். மலை ஊர்களில் புதிய கற்காலக் கோடரிகளைச் சாமிக் கல் என்று கோயிலில் வைத்துக் கும்பிட்டதும் உண்டு. ஃபூட் செய்த பெரிய காரியம் வேறு. ஒவ்வொரு கல்லும் எந்த ஊரில், எந்த இடத்தில் கிடைத்தது என்று எழுதி வைத்தார். அந்தக் காலத்தில் அரும்பொருள் தேடிய பலர், அழகாக இருப்பதை எடுத்து அலமாரியில் வைத்துக்கொண்டதோடு சரி. எங்கே கிடைத்தது என்று தெரியாத கல் வாய் பேசாது. எடுத்த இடம் மறந்துபோனால், திரும்பவும் அதைக் கண்டுபிடிக்க வழியே இல்லை. ஃபூட்டின் பட்டியலில் மாவட்டம் மாவட்டமாக, 400-க்கும் மேற்பட்ட இடங்கள் இருக்கின்றன.

இதைப் படித்துவிட்டு நாளைக்கே மண்வெட்டியோடு கிளம்பிவிடாதீர்கள்! 1878-ல் வந்த புதையல் சட்டப்படி, மண்ணுக்கடியில் பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள பழம்பொருள் கிடைத்தால் மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். உங்கள் ஊர் வயலிலோ கிணற்று மேட்டிலோ வித்தியாசமான கல், பானை ஓடு, காசு கண்ணில் பட்டால் தோண்டாதீர்கள். இடத்தைக் குறித்துக்கொண்டு ஆசிரியரிடம் சொல்லுங்கள். தோண்டிய இடத்தைத் திரும்ப மூடலாம். கலைந்த மண் அடுக்கை மறுபடி அடுக்க முடியாது.

ஃபூட் கடைசிக் காலத்தில் ஏற்காட்டில் குடியேறினார். மாமனார் பெர்சிவல் வாழ்ந்து மறைந்த ஊரும் அதுதான். வாழ்நாள் முழுவதும் சேர்த்த ஆயிரக்கணக்கான பொருள்களைச் சென்னை மாகாண அரசு 1904-ல் விலைக்கு வாங்கி, எழும்பூர் அருங்காட்சியகத்தில் வைத்தது. அவற்றுக்கான விவரப் பட்டியலை முதுமையிலும் உட்கார்ந்து எழுதினார். அது அச்சாகி வந்தது 1914-லும் 1916-லும். அதற்கு முன்பே, 1912-ம் ஆண்டு டிசம்பர் 29-ம் தேதி, 78-வது வயதில் அவர் காலமானார். ஏற்காடு ஹோலி டிரினிட்டி தேவாலயத்தில் அவருடைய நினைவுச்சின்னம் இருக்கிறது.

அந்தக் கருவிகளுக்கு என்ன வயது? மிகப் பழையவை என்பது ஃபூட்டுக்குத் தெரியும். எத்தனை ஆண்டு என்று கணக்கிட அன்று வழி இல்லை. 1999-ல் சாந்தி பப்பு என்ற தொல்லியல் அறிஞரும் அவருடைய குழுவினரும் அத்திரம்பாக்கத்தில் மறுபடி தோண்டத் தொடங்கினார்கள். விண்வெளியிலிருந்து வரும் கதிர்கள் படும்போது கல்லுக்குள் சில அணுக்கள் உருவாகும். கல் ஆழமாகப் புதைந்துவிட்டால் கதிர் படாது. இருக்கும் அணுக்கள் கொஞ்சம் கொஞ்சமாகச் சிதைந்து குறையும். மிச்சம் எவ்வளவு என்று அளந்தால், கல் புதைந்து எவ்வளவு காலம் ஆயிற்று என்று சொல்லிவிடலாம். 2011-ல் முடிவு வெளியானது. அத்திரம்பாக்கத்தின் மிகப் பழைய கருவிகளுக்கு வயது சுமார் 15 லட்சம் ஆண்டுகள்! நம் இனமான ஹோமோ சேப்பியன்ஸ் தோன்றியே சுமார் 3 லட்சம் ஆண்டுகள்தான் ஆகின்றன. அப்படியானால், கொசஸ்தலைக் கரையில் உட்கார்ந்து கல்லைத் தட்டிக்கொண்டிருந்தவர்கள் நமக்கு முந்தைய மனித இனத்தார். அவர்களுடைய எலும்பு ஒன்றுகூட அங்கே கிடைக்கவில்லை. கருவிகள் மட்டும் கிடைத்திருக்கின்றன.

விடுமுறையில் சென்னைக்குப் போனால் எழும்பூர் அருங்காட்சியகத்தில் கற்காலப் பகுதி எங்கே என்று கேட்டுப் போய்ப் பாருங்கள். திருவள்ளூர் பக்கம் போகிறவர்கள் பூண்டி நீர்த்தேக்கத்தோடு திரும்பிவிடாமல், அங்கே தொல்லியல் துறை வைத்திருக்கும் அருங்காட்சியகத்துக்குள்ளும் ஒரு நடை போய்விட்டு வாருங்கள். அங்கிருந்து அத்திரம்பாக்கம் பக்கம்தான்.