'பிஸி' டோனுக்குக் கணக்குப் போட்டவர்: யார் இந்த எர்லாங்?

போன் போட்டால் 'பிஸி' டோன் வருகிறது. எரிச்சலோடு வைத்துவிடுவோம். அந்த டோன் நூற்றில் எத்தனை அழைப்புக்கு வரும் என்று கணக்கிட வழி சொன்னவர், டென்மார்க்கைச் சேர்ந்த அக்னர் கிராரப் எர்லாங்.

1878 ஜனவரி 1-ல் லோன்போர்க் என்ற சிற்றூரில் பிறந்தார். அப்பா பள்ளி ஆசிரியர். கோபன்ஹேகன் பல்கலைக்கழகத்தில் 1901-ல் பட்டம் பெற்று, சில ஆண்டுகள் ஆசிரியராக இருந்தார். கணித சங்கத்தில் அறிமுகமான யோஹான் யென்சன், கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனப் பொறியாளர். அந்தப் பழக்கத்தால் 1908-ல் எர்லாங் அங்கே வேலைக்குச் சேர்ந்தார்.

எத்தனை லைன் போதும்?

லைன் குறைந்தால் வாடிக்கையாளருக்குக் கோபம். கூடினால் கம்பெனிக்குக் காசு நஷ்டம். அழைப்புகள் தற்செயலாக வந்தாலும் அவற்றின் எண்ணிக்கை பாய்சான் பரவலுக்குள் அடங்கும் என்று 1909-ல் காட்டினார். 1917-ல் இரண்டு முக்கிய சூத்திரங்களை வெளியிட்டார். லைன் கிடைக்காத அழைப்பு அப்படியே போய்விட்டால் 'பி' சூத்திரம். வரிசையில் காத்திருந்தால் 'சி' சூத்திரம்.

ஓர் அலுவலகத்துக்கு மணிக்கு 60 அழைப்பு, சராசரியாக ஆளுக்கு 3 நிமிடம் பேச்சு. மொத்தம் 180 நிமிடம், அதாவது 3 மணி நேரம். இதுதான் 3 எர்லாங். அப்போ 3 லைன் போதுமா? போதாது. எல்லாரும் வரிசை போட்டு ஒருவர் பின் ஒருவராகவா கூப்பிடுவார்கள்? 3 லைன் என்றால் நூற்றுக்குச் சுமார் 35 பேருக்கு பிஸி டோன்தான். அதை ஒன்றுக்குக் கீழே கொண்டுவர 8 லைன் வேண்டும்.

இதேபோல் இரண்டு அலுவலகம் இருந்தால் தனித்தனியாக 16 லைன். சேர்த்துப் பொதுவாக வைத்தால் 13 போதும். பகிர்ந்துகொண்டால் மிச்சம்!

இன்றைக்கு எதற்கு?

டேட்டா நெட்வொர்க்கில் பாக்கெட்டுகள் காத்திருக்கும். அதனால் 'சி' சூத்திரத்தின் வழிவந்த வரிசைக் கோட்பாடு அங்கே உதவுகிறது. ஆனால் டேட்டா கொத்துக் கொத்தாக வரும். போன் கணக்கை அப்படியே போட்டால் தாமதத்தைக் குறைத்து மதிப்பிட்டுவிடுவோம். சராசரியை நம்பி கொள்ளளவு வைக்கக் கூடாது என்ற பாடம் மட்டும் இரண்டுக்கும் பொது.

எர்லாங் மேஜையிலேயே உட்கார்ந்துவிடவில்லை. ஏணியோடு ஊழியர் பின்தொடர, தெருவிலுள்ள கேபிள் குழிகளில் இறங்கி அளவெடுத்தவர். திருமணம் செய்துகொள்ளவில்லை. சுமார் 20 ஆண்டுகள் உடம்பு சரியில்லை என்று ஒருநாள்கூட லீவு போடாதவர், 1929 ஜனவரியில் வயிற்று அறுவை சிகிச்சைக்காக மருத்துவமனையில் சேர்ந்தார். பிப்ரவரி 3-ல் 51 வயதில் இறந்தார்.

தொலைபேசி நெரிசலை அளக்கும் அலகுக்கு 1946-ல் சர்வதேச அளவில் எர்லாங் என்றே பெயர் வைக்கப்பட்டது. கால் சென்டரில் எத்தனை பேரை உட்கார வைப்பது என்பதற்கு இன்றும் அவர் கணக்குதான்.