விழாமல் இருக்க கட்டிய ‘வாத்து’ விமானம்... அதிலேயே உயிரை விட்ட பைலட்! யார் இந்த கியோர்க் வுல்ஃப்?

இரண்டாம் உலகப் போர் படங்கள், வீடியோ கேம்கள் பக்கம் போனவங்களுக்கு ‘ஃபோக்கே வுல்ஃப் 190’ என்ற ஜெர்மன் போர் விமானம் பழக்கமா இருக்கும். அந்தப் பெயரில் இருக்கும் வுல்ஃப் யார் தெரியுமா? 1939-ல் அந்த விமானம் முதன்முதலா பறந்தப்போ அவர் உயிரோடவே இல்லை.

கியோர்க் வுல்ஃப் 1895-ல் ஜெர்மனியின் பிரெமன் நகரில் பிறந்தவர். அதே ஊர்க்காரர் ஹென்ரிக் ஃபோக்கே. இருவருக்கும் சின்ன வயசுலயே விமானப் பைத்தியம். ஃபோக்கே வரைவார், கணக்கு போடுவார். கட்டி முடித்ததும் முதலில் ஏறி ஓட்டிப் பார்ப்பது வுல்ஃப். முதல் உலகப் போரில் தோற்ற ஜெர்மனியில் விமானம் கட்டவே கெடுபிடி இருந்த காலம் அது. அப்பவும் 1921-ல் ஒரு சின்ன விமானத்தை முடிச்சாங்க. பிறகு வெர்னர் நௌமன் என்பவரும் சேர, கம்பெனி பிறந்தது.

அடுத்து கையில் எடுத்ததுதான் ‘எஃப் 19 என்டே’. ஜெர்மன் மொழியில் ‘என்டே’ என்றால் வாத்து. கழுத்தை நீட்டிப் பறக்கும் வாத்து மாதிரி, நீண்ட மூக்கின் நுனியில் ஒரு சின்ன இறக்கை. பெரிய இறக்கை பின்னால். இந்த வகைக்கு ‘கனார்ட்’ என்று பெயர். பிரெஞ்சில் அதுக்கும் வாத்துதான் அர்த்தம்!

ஏன் இப்படித் திருப்பி வைக்கணும்? வேகம் குறைஞ்சு, மூக்கு அளவுக்கு மேல் தூக்கினா, இறக்கை தாங்கும் சக்தியை இழந்துடும். இதுதான் ‘ஸ்டால்’. அந்தக் காலத்தில் பைலட்களை அதிகம் பலி வாங்கிய எமன். கனார்டில் முன் இறக்கைதான் முதலில் சக்தியை இழக்கும். உடனே மூக்கு தானா கீழே இறங்கும், வேகம் திரும்பக் கிடைக்கும். பெரிய இறக்கை கடைசி வரை விமானத்தைத் தாங்கும். பைலட் தப்பு செஞ்சாலும் பயணிகள் பிழைக்கணும் என்பதுதான் கணக்கு.

இரண்டு சின்ன இன்ஜின்களோடு 1927 செப்டம்பர் தொடக்கத்தில் ‘வாத்து’ பறந்தது. ஓட்டியவர் வுல்ஃப்தான். செப்டம்பர் 29-ம் தேதி, ஒரே இன்ஜினிலும் பறக்கும் என்று காட்ட மேலே போனார். கன்ட்ரோல் கம்பி ஒன்று உடைந்தது. சுழன்று விழுந்த விமானத்தில் அவர் இறந்தார். வயசு 32.

பயந்த மாதிரி ஸ்டால் அவரைக் கொல்லவில்லை. ஒரு கம்பி கொன்றது.

ஃபோக்கே விடவில்லை. இரண்டாவது ‘வாத்து’ கட்டி, 1931-ல் பிரிட்டன் உட்பட பல நாடுகளில் பறந்து காட்டினாங்க. வேடிக்கை பார்க்க கூட்டம் வந்தது, வாங்கத்தான் ஆள் வரலை. கடைசியில் அது பெர்லின் மியூசியத்துக்குப் போனது. 1943 குண்டுவீச்சில் அதுவும் அழிஞ்சது.