எல்சி விடோசன்

எல்சி விடோசன் (அக்டோபர் 21, 1906 – ஜூன் 14, 2000) இங்கிலாந்தைச் சேர்ந்த வேதியியலாளர், உணவூட்ட அறிவியலாளர். உணவுப் பொருள்களில் என்னென்ன சத்துகள் எவ்வளவு உள்ளன என்று அளந்து அட்டவணைப்படுத்தியவர்களுள் முதன்மையானவராக அறியப்படுகிறார். வளரும் குழந்தைக்கு நாளொன்றுக்கு எவ்வளவு உணவு தேவை என்ற கேள்விக்கு ஒரே எண்ணை விடையாகத் தந்துவிட முடியாது என்பதை, ஆயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளின் உணவை எடைபோட்டு நிறுவியவரும் இவரே. பின்னர் ஜெர்மனியின் அநாதை இல்லங்களில் இவர் நடத்திய ஆய்வு, தட்டில் உள்ள உணவு மட்டுமே வளர்ச்சியைத் தீர்மானிப்பதில்லை என்பதையும் வெளிக்கொணர்ந்தது.

இளமையும் கல்வியும்

விடோசன் இலண்டனுக்குத் தெற்கே சர்ரே பகுதியில் உள்ள வாலிங்டன் என்னும் ஊரில் பிறந்தார். தந்தை மளிகைக் கடையில் பணியாற்றியவர். தங்கை ஈவா கிரேன் (1912–2007) அணு இயற்பியல் படித்து, பிற்காலத்தில் தேனீ ஆய்வில் உலகப் புகழ் பெற்றார். பள்ளியில் விலங்கியலில் நாட்டம் கொண்டிருந்த எல்சி, வேதியியல் ஆசிரியையின் தாக்கத்தால் அத்துறைக்கு மாறினார். இலண்டன் இம்பீரியல் கல்லூரியில் வேதியியல் பயின்று 1928 இல் பட்டம் பெற்றார். அக்காலத்தில் அவ்வகுப்பில் பெண்கள் மிகச் சிலரே இருந்தனர்.

முனைவர் பட்டத்திற்கு அவர் எடுத்துக்கொண்ட பொருள் ஆப்பிள். கெண்ட் பகுதித் தோட்டத்திற்கு அடிக்கடி சென்று காய்களைப் பறித்து வந்து, காய் கனியாகும்போதும் சேமிப்பில் இருக்கும்போதும் அதன் சர்க்கரைகள் எவ்வாறு மாறுகின்றன என்று அளந்தார். 1931 இல் பட்டம் கிடைத்தது. ஆனால் நிலையான வேலை எளிதில் அமையவில்லை. எனவே 1933 இல் உணவுத் திட்டவியலில் ஒரு பட்டயப் படிப்பில் சேர்ந்தார். அதன் ஒரு பகுதியாகப் பெரிய மருத்துவமனைச் சமையலறை ஒன்றில் பயிற்சி பெற வேண்டியிருந்தது.

மெக்கான்சுடன் சந்திப்பு

பயிற்சிக்குச் சென்ற இடம் இலண்டன் கிங்ஸ் கல்லூரி மருத்துவமனை. அதே சமையலறைக்கு இராபர்ட் மெக்கான்ஸ் என்ற மருத்துவர் இறைச்சித் துண்டுகளுடன் வந்து போய்க்கொண்டிருந்தார். சமைக்கும்போது இறைச்சியில் இருந்து வெளியேறும் சத்துகளை அவர் ஆராய்ந்து வந்தார். பழங்களில் உள்ள மாவுச்சத்து, சர்க்கரைகளின் அளவுகளையும் அவர் ஏற்கெனவே வெளியிட்டிருந்தார். அவ்வெண்களைப் பார்த்த விடோசன், அவை தவறானவை என்று அவரிடமே கூறினார். மெக்கான்ஸ் பயன்படுத்திய முறையில் அமிலம் பழச்சர்க்கரையின் ஒரு பகுதியைச் சிதைத்து விடுகிறது, அதனால் அளவு குறைவாகத் தெரிகிறது என்பதே அவர் சுட்டிய பிழை. ஆப்பிள்களோடு கழித்த ஆண்டுகள் இங்கே பயன்பட்டன. மூத்தவரான மெக்கான்ஸ் சினம் கொள்ளாமல், அப்பிழையைத் திருத்தும் பணிக்காக அவருக்கு ஆய்வு நிதி பெற்றுத் தந்தார். மெக்கான்ஸ் 1993 இல் இறக்கும் வரை, ஏறத்தாழ அறுபது ஆண்டுகள், இருவரும் இணைந்தே பணியாற்றினர்.

அன்று இங்கிலாந்தின் உணவுத் திட்டவியலாளர்கள் அமெரிக்க அட்டவணைகளை நம்பியிருந்தனர். அவற்றில் பச்சைப் பொருள்களுக்கான எண்களே பெரும்பாலும் இருந்தன. மக்களோ சமைத்துத்தான் உண்கின்றனர். இக்குறையைப் போக்க, பச்சையாகவும் சமைத்தும் உணவுகளைப் பகுத்தாய்ந்து இருவரும் 1940 இல் ஒரு நூலை வெளியிட்டனர். அதில் சுமார் 15,000 மதிப்புகள் இருந்தன. கணினியும் கணிப்பானும் இல்லாத காலத்தில் இவை அனைத்தும் கையால் செய்த கணக்கு. இந்நூலின் ஏழாம் பதிப்பு 2015 இல் வெளிவந்தபோதும் அவ்விருவரின் பெயரையே தாங்கியிருந்தது.

குழந்தைகளின் உணவு பற்றிய ஆய்வு

1930களில் ஒரு குடும்பத்தின் உணவை அளப்பதென்றால், வீட்டிற்குள் வரும் மொத்தப் பொருளைக் கணக்கிட்டு ஆட்களின் எண்ணிக்கையால் வகுப்பதே பெரும்பாலும் நடைமுறை. இவ்வகையில் கிடைக்கும் சராசரி, எந்தத் தனி மனிதரும் உண்மையில் என்ன உண்டார் என்பதைச் சொல்லாது. இம்முறையை விடோசன் கைவிட்டார். முதலில் 63 ஆண்கள், 63 பெண்கள் ஆகியோரின் உணவைத் தனித்தனியே பதிந்து 1936 இல் முடிவுகள் வெளியாயின. அடுத்துக் குழந்தைகளை எடுத்துக்கொண்டார்.

ஒரு வயது முதல் பதினெட்டு வயது வரை ஆயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் இவ்வாய்வில் இடம்பெற்றனர். ஒவ்வொரு குழந்தையும் ஒரு வாரம் முழுவதும் உண்டது, குடித்தது அனைத்தும் எடையிட்டுக் குறிக்கப்பட்டன. அக்குறிப்புகளைத் தம் அட்டவணைகளோடு பொருத்தி, ஒவ்வொரு பிள்ளைக்கும் எவ்வளவு கலோரி, புரதம், கால்சியம், இரும்பு கிடைத்தன என்று விடோசன் கணித்தார். போரின் காரணமாக முழு அறிக்கை 1947 இல்தான் வெளிவந்தது.

அதன் முடிவு அன்றைக்கு எதிர்பாராதது. ஒரே வயது, ஒரே பாலினத்தைச் சேர்ந்த பிள்ளைகளை வரிசைப்படுத்தினால், ஒரு குழந்தை மற்றொன்றைப் போல் இரு மடங்கு கலோரி உண்பது அரிதான நிகழ்ச்சி அல்ல. ஏறத்தாழ எல்லா வயதிலும் இவ்விடைவெளி காணப்பட்டது. வயதால் சிறிய பிள்ளை தன்னைவிடப் பெரிய பிள்ளையை விஞ்சி உண்பதும் உண்டு. எடுத்துக்காட்டாக, ஒரு வயதினரின் சராசரி 1,300 கலோரி என்று கொண்டால், 900 கலோரியுடன் எழுந்துவிடும் குழந்தையும் 1,800 கலோரி கேட்கும் குழந்தையும் அதே கூட்டத்தில் இருப்பர். பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு தம் பிள்ளையின் சாப்பாட்டை ஒப்பிட்டுக் கவலைப்படும் பெற்றோர் எல்லா நாட்டிலும் உள்ளனர். அவ்வொப்பீட்டிற்கு அடிப்படை மிகவும் பலவீனமானது என்பது இவ்வறிக்கையில் இருந்து பெறப்படும்.

உண்ட அளவும் தேவையான அளவும் ஒன்றல்ல என்பதையும் இங்கே கருத வேண்டும். எடையிடும் முறை முதலாவதை மட்டுமே காட்டும். இவ்வேறுபாட்டைத் தீர்க்கும் கருவி அன்று இல்லை.

போர்க்காலப் பணிகள்

1938 இல் விடோசனும் மெக்கான்சும் கேம்பிரிட்ஜுக்கு இடம்பெயர்ந்தனர். தாங்கள் செய்து பார்க்காத சோதனையைப் பிறர் மீது செய்வதில்லை என்பது இருவரின் கொள்கை. ஒருமுறை உடலில் இருந்து ஸ்ட்ரான்சியம் எவ்வாறு வெளியேறுகிறது என்று அறியத் தமக்குத் தாமே ஊசி போட்டுக்கொண்டனர். மருந்தில் நுண்ணுயிர் மாசு கலந்திருந்ததால் இருவரும் கடுங்காய்ச்சலில் வீழ்ந்தனர்.

போர் தொடங்கியதும், இறக்குமதி நின்றுபோனால் மக்கள் எதை உண்டு உயிர்வாழ முடியும் என்ற கேள்வி எழுந்தது. விடோசனும் உடன் பணியாற்றியோரும் சில மாதங்கள் ரொட்டி, உருளைக்கிழங்கு, முட்டைக்கோசு ஆகியவற்றை வயிறு நிறையவும், இறைச்சி, முட்டை, பால், சர்க்கரை, கொழுப்பு ஆகியவற்றை மிகக் குறைவாகவும் உண்டனர். பின்னர் ஏரி மாவட்ட மலைகளுக்குச் சென்று மிதிவண்டி ஓட்டியும் மலையேறியும் தம் வலிமையைச் சோதித்தனர். உடல்நலம் குன்றவில்லை. ஆனால் தவிடு நிறைந்த ரொட்டியில் உள்ள பைட்டேட்டு கால்சியத்தை உடல் ஏற்கவிடாமல் தடுப்பதை அவர்கள் கண்டறிந்தனர். அதன் விளைவாகவே இங்கிலாந்தில் ரொட்டி மாவுடன் சுண்ணாம்புத் தூள் சேர்க்கும் வழக்கம் வந்தது.

ஜெர்மனியின் அநாதை இல்லங்கள்

போர் முடிந்தபின், 1946 முதல், இருவரும் ஜெர்மனியின் வூப்பர்டால் நகரில் பஞ்சத்தின் விளைவுகளை ஆராய்ந்தனர். அருகிலிருந்த இல்லங்களில் வயதிற்கேற்ற உயரமும் எடையும் இல்லாத பிள்ளைகள் ஏராளமாக இருந்தனர். அவர்களுக்கு முழு மாவு ரொட்டி, தவிடு நீக்கிய வெண்மாவு ரொட்டி, சத்துகள் சேர்த்த வெண்மாவு ரொட்டி என வெவ்வேறு வகைகள் கொடுக்கப்பட்டன. எல்லாப் பிள்ளைகளுக்கும் வேண்டிய அளவு ரொட்டியும் காய்கறியும் கிடைத்தன; பால் மிகக் குறைவு. எந்த ரொட்டி சிறந்தது என்பது கேள்வி. எல்லாக் குழுக்களும் ஒன்றுபோலவே விரைந்து வளர்ந்தன என்பது விடை. போதுமான அளவு உணவு கிடைத்ததே அங்கே முதன்மையான மாற்றம்.

விடோசனின் ஆய்வுகளில் இன்றும் அதிகம் பேசப்படுவது 1948 இல் இரு சிறிய அநாதை இல்லங்களில் நடந்தது. பீனென்ஹவுஸ் (தேனீ வீடு), ஃபோகெல்நெஸ்ட் (பறவைக் கூடு) என்பன அவ்வில்லங்களின் பெயர்கள். ஒவ்வொன்றிலும் 4 முதல் 14 வயது வரை சுமார் 50 பிள்ளைகள். இரண்டிலும் ஒரே அரசுப் பங்கீட்டு உணவு. முதல் ஆறு மாதம் மாற்றமின்றி விட்டு, அடுத்த ஆறு மாதம் பறவைக் கூட்டிற்கு மட்டும் கூடுதல் ரொட்டி, ஜாம், ஆரஞ்சுச் சாறு வழங்கி, இரு வாரத்திற்கு ஒருமுறை எடை பார்ப்பது திட்டம்.

கிடைத்த எண்கள் தலைகீழாக இருந்தன. கூடுதல் உணவு இல்லாத முதற்பகுதியில் பறவைக் கூட்டுப் பிள்ளைகள் நன்கு எடை கூடினர். கூடுதல் உணவு வந்தபின் அவர்கள் பின்தங்கி, ஏதும் பெறாத தேனீ வீட்டுப் பிள்ளைகள் முந்திச் சென்றனர்.

காரணம் சமையலறையில் இல்லை. கடுமையும் கண்டிப்பும் மிக்க காப்பாளர் ஒருவர் முதலில் தேனீ வீட்டில் பணியாற்றினார். கூடுதல் உணவு தொடங்கிய அதே வேளையில் அவர் தற்செயலாகப் பறவைக் கூட்டிற்கு மாற்றப்பட்டார். பிள்ளைகளை எல்லோர் முன்னிலையிலும் கடிந்துகொள்ள அவர் பெரும்பாலும் சாப்பாட்டு வேளையையே தேர்ந்தெடுத்தார். கண்டனம் முடியும் முன் உணவு ஆறிவிடும். சில பிள்ளைகள் அழுதுகொண்டிருப்பர். அவருக்குச் செல்லப் பிள்ளைகள் எட்டுப் பேர் இருந்தனர். மாறிச் சென்றபோது அவர்களையும் உடன் அழைத்துச் சென்றார். ஏச்சுக்கு ஆளாகாத அந்த எண்மரின் எடை இரு இல்லங்களிலும் மற்றவர்களைவிட நன்கு கூடியது. ஆய்வின் திட்டத்தில் இல்லாத இந்த ஒப்பீடே ஐயத்திற்கு இடமின்றி விடையைத் தந்தது எனலாம். 1951 இல் லான்செட் மருத்துவ இதழில் விடோசன் இதை வெளியிட்டார்.

பிற்கால ஆய்வுகள்

போதிய உணவு எப்போது கிடைக்க வேண்டும் என்ற கேள்வியை எலிகளைக் கொண்டு ஆராய்ந்தார். சில தாய் எலிகளிடம் மூன்று குட்டிகளையும் வேறு சிலவற்றிடம் பதினைந்துக்கும் மேற்பட்ட குட்டிகளையும் விட்டு வளர்த்தார். பால் போதாமல் வளர்ந்த குட்டிகளுக்குப் பின்னர் எல்லையற்ற தீனி கொடுத்தும் அவை மற்றவற்றின் அளவை எட்டவே இல்லை. வளர்ந்தபின் சில வாரம் பட்டினி கிடந்தவையோ மீண்டும் ஈடுசெய்துகொண்டன. தொடக்க கால ஊட்டம் வாழ்நாள் முழுமைக்கும் தடம் பதிக்கும் என்னும் பிற்காலக் கருத்துக்கு இச்சோதனைகள் முன்னோடி. 1968 முதல் கேம்பிரிட்ஜ் டன் ஆய்வகத்தில் குழந்தை உணவூட்டப் பிரிவின் தலைவராக இருந்தார்.

குழந்தையின் தேவை: பின்வந்த கணக்கு

குழந்தைகளின் ஆற்றல் தேவைக்கான பன்னாட்டுப் பரிந்துரை 1985 வரை, விடோசன் செய்தது போன்ற உட்கொள்ளல் பதிவுகளையே பெரிதும் சார்ந்திருந்தது. பின்னர் கன ஐதரசனும் ஆக்சிசன்-18 உம் கலந்த நீரைப் பருகச் செய்து, உடல் செலவிடும் ஆற்றலை நேரடியாக அளக்கும் முறை பரவியது. இதன் அடிப்படையில் 2004 இல் உணவு வேளாண் அமைப்பும் உலக சுகாதார அமைப்பும் ஐ.நா. பல்கலைக்கழகமும் வெளியிட்ட அறிக்கையில், ஏழு வயதிற்குட்பட்டோரின் தேவை முந்தைய மதிப்பீட்டைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது. அதன்படி 1 முதல் 3 வயது வரை, உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்குச் சுமார் 80 கிலோகலோரி தேவை. 4 முதல் 5 வயதுச் சிறுவனுக்குச் சராசரியாக 1,360, சிறுமிக்கு 1,240 கிலோகலோரி.

வளர்ச்சிக்கே பெரும்பகுதி உணவு செலவாகிறது என்ற எண்ணம் பலரிடம் உண்டு. முதல் மாதத்தில் அது மூன்றில் ஒரு பங்கு என்பது சரியே. ஆனால் முதல் பிறந்தநாளில் 3% மட்டும். எஞ்சியது உடலை இயக்கவும் ஓடியாடவும் செலவாகிறது. ஆறு வயதிற்கு மேல், அதிகம் ஓடியாடும் பிள்ளைக்குச் சராசரியைவிட 15% கூடுதலாகவும், அதிகம் அசையாத பிள்ளைக்கு 15% குறைவாகவும் கணக்கிட அறிக்கை இடமளிக்கிறது. இவ்வெண்கள் கூட்டத்தின் சராசரியே. தனிக் குழந்தைக்கு, அதன் எடையும் உயரமும் மாதந்தோறும் சீராக ஏறுகின்றனவா என்பதே பயனுள்ள அளவுகோல்.

சிறப்புகளும் இறுதிக் காலமும்

விடோசன் 1976 இல் ராயல் சொசைட்டியின் உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1993 இல் கம்பேனியன் ஆஃப் ஹானர் என்னும் உயரிய விருதைப் பெற்றார். திருமணம் செய்துகொள்ளவில்லை. கேம்பிரிட்ஜுக்கு அருகே பாரிங்டன் கிராமத்தில் வாழ்ந்தார். வெண்ணெய், முட்டை, வெள்ளை ரொட்டி ஆகியவற்றை அஞ்சாமல் உண்டவர். தம் நீண்ட ஆயுளுக்கு உணவைவிடப் பரம்பரையே காரணம் என்று கருதினார். அவருடைய தந்தை 96 வயது வரையும் தாய் 107 வயது வரையும் வாழ்ந்தனர். பக்கவாதத்தால் பாதிக்கப்பட்ட விடோசன், கேம்பிரிட்ஜ் ஆடன்புரூக் மருத்துவமனையில் தம் 93 ஆம் வயதில் காலமானார்.