சேமப்பொருளுக்குக் காவல் கண்ட கிருஷ்ணசாமி ஐயர்

பொருளீட்டுதல் அரிது, ஈட்டிய பொருளைத் தக்க இடத்தில் வைத்துக் காத்தல் அதனினும் அரிது. ஓய்வுக்காலத்துப் பெற்ற தொகையையும் மகளின் மணத்திற்கெனச் சேர்த்த பொருளையும் எங்கு, எப்பொழுது இடுவதென்று நம் சங்கத்து அன்பர் பலர் எம்மை வினவுகின்றனர். எம் உறவினர் ஒருவர், ஊரார் சொற்கேட்டு, மிகுந்த வட்டி தருவதாகக் கூறிய ஓரிடத்தில் தம் கைப்பொருள் முழுவதையும் ஒரே நாளில் இட்டு இழந்தார். அவர் மனைவியாரின் தாலிச்சரடு ஒன்றே எஞ்சியது. ஆதலின், இப்பொருள் பற்றிப் பெரியார் ஒருவர் வரலாற்றை ஈண்டு எழுதத் துணிந்தோம்.

வி. கிருஷ்ணசாமி ஐயர் 1863-ஆம் ஆண்டு தஞ்சை நாட்டில் திருவிடைமருதூரிற் பிறந்தவர். கும்பகோணத்திலும் சென்னையிலும் கற்று, சென்னை உயர் நீதிமன்றத்தில் வழக்கறிஞராய்ப் பெரும்புகழ் எய்தினார். மயிலாப்பூரில் வடமொழிக் கல்லூரி நிறுவியவரும், பாரதியாரின் பாடல்களை 1907-இல் தம் செலவில் அச்சிட்டு வழங்கியவரும் இவரே.

அக்காலத்துச் சென்னையில் ஆர்பத்நட் கம்பெனி என்னும் ஆங்கில வணிகநிலையம் பெருமதிப்புடன் விளங்கிற்று. நல்ல வட்டி கிடைக்கும், வெள்ளையர் நிலையம் கெடாது என்னும் இரு நம்பிக்கையால், உத்தியோகத்தரும் கைம்பெண்டிரும் தம் சேமிப்பை அங்கு இட்டனர். அப்பொருள் எங்குச் செல்கின்றதென்று வினவியவர் சிலரே. இலண்டனிலிருந்த கூட்டாளி மக்பாதியன் அதனைத் துணிகர வாணிகங்களிற் செலுத்தி இழந்து, இரயிலின்முன் வீழ்ந்து உயிர்நீத்தார். 1906 அக்டோபர் 22-ஆம் நாள் நிலையம் கதவடைத்தது. எத்தனையோ இல்லங்களில் அன்று அடுப்பெரியவில்லை.

ஐயர் கடன்கொடுத்தோர் சார்பில் நீதிமன்றத்தில் வாதாடினார். நிலையத் தலைவராகிய ஸர் ஜார்ஜ் ஆர்பத்நட்டு 18 திங்கள் கடுங்காவல் தண்டனை பெற்றார். தண்டனையால் இழந்த பொருள் மீளுமோ? இதனை யுணர்ந்த ஐயர் வழக்கோடு அமையாது, நம் நாட்டார் பொருளை நம் நாட்டாரே ஆளும் வங்கி வேண்டுமெனத் துணிந்தார். நகரத்தார் பெருமக்கள் துணைநின்றனர். இந்தியன் வங்கி 1907 மார்ச்சு 5-இல் பதிவு பெற்று, ஆகஸ்டு 15-இல் தொழில் தொடங்கிற்று. இன்றும் அது நிலைபெற்றுள்ளது. ஐயர் 1911-இல், தம் 48-ஆம் வயதில், மறைந்தார்.

இவ்வரலாற்றினின்று யாம் கொள்ளத்தக்கன மூன்று. முதலாவது, பிறரினும் மிகுந்த வட்டி தருவோனை, அவன் அதனை எவ்வாறு ஈட்டுகின்றான் என்று வினவுதல்; விடை விளங்காவிடில் பொருளை இடாதொழிக. இரண்டாவது, பெயரின் பெருமையை நம்பி அனைத்தையும் ஓரிடத்தில் இடாமை. வங்கி வைப்புக்கும் 2020 முதல் ஒரு வங்கியில் ஒருவர்க்கு 5 இலட்சம் ரூபாய் வரையே காப்புறுதி உண்டென்பதை நினைவிற் கொள்க. மூன்றாவது, காலமறிதல். நோய்க்கும் கல்விக்கும் வேண்டுவதை முதலில் ஒதுக்கி, எஞ்சியதை ஆராய்ந்து சிறிது சிறிதாக இடுக. பொருள் கைவந்த அன்றே இடவேண்டுமென்னும் விதியில்லை.

எம்மூராகிய திருக்கழுக்குன்றத்துச் சங்குதீர்த்தத்தில் சங்கு தோன்றுவது பன்னீராண்டுக்கு ஒருமுறை என்பர். அதற்கெனக் காத்திருப்போர் நாம். நம் மக்களின் வாழ்வுக்குரிய பொருளை இடுமுன் பன்னிரண்டு நாள் பொறுத்து ஆராயலாகாதோ?