அஞ்சலட்டையில் வந்த கடல்

என் பாட்டியின் தகரப் பெட்டியில் ஓர் அஞ்சலட்டை உண்டு. பின்புறம் கடிதம் ஏதும் இல்லை. முன்புறம் கொந்தளிக்கும் கடல். பாறைமேல் வில்லுடன் சினந்து நிற்கும் இராமர். அலைநடுவே எழுந்து இறைஞ்சும் வருணன். இராமேசுவரம் போய்வந்த உறவினர் யாரோ கொடுத்ததாம். மேலூரை விட்டு அதிகம் நகராத பாட்டிக்குக் கடல் என்றால் அந்த அட்டைதான். அதன் மூலத்தை வரைந்தவர் இராஜா இரவிவர்மா என்பதைக் கல்லூரி நூலகத்தில்தான் நான் அறிந்தேன்.

அவர் 1848-இல் கிளிமானூரில் பிறந்தவர். பதினான்கு வயதில் திருவனந்தபுரம் அரண்மனைக்கு அழைத்து வரப்பட்டார். மதுரைப் பக்கத்தவராகிய நாம் சற்றுக் கூச்சத்தோடு கேட்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. அங்கே அரண்மனை ஓவியராயிருந்த இராமசாமி நாயக்கர், மதுரையிலிருந்து சென்ற அழகிரி நாயுடுவின் மாணவர். எண்ணெய் வண்ணம் தீட்டும் முறையை அவர் இரவிவர்மாவுக்குக் கற்பிக்க மறுத்துவிட்டாராம். அவரிடம் பயின்ற ஆறுமுகம் பிள்ளை என்பவரே இரவில் இரகசியமாகச் சொல்லிக் கொடுத்தார் என்பர். 1868-இல் வந்த தியடோர் ஜென்சன் என்னும் ஐரோப்பிய ஓவியரும், தாம் வரைவதை அருகிருந்து பார்க்க மட்டுமே இசைந்தார்.

இப்படி ஒளித்து வைக்கப்பட்ட கலையைக் கற்றவர், 1873-இல் வியன்னா கண்காட்சியில் பரிசு பெற்றார். அரண்மனைகள் அவரை அழைத்தன. அத்துடன் அவர் நின்றிருக்கலாம். ஆனால் 1894-இல் தம்பி இராஜராஜ வர்மாவுடன் பம்பாயில் அச்சகம் தொடங்கினார். ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு கல்லில் வரைந்து, ஒன்றன்மேல் ஒன்றாக அச்சிடும் வேலை அது. ஜெர்மானியத் தொழிலாளர் வந்தனர். அச்சகம் பின்னர் லோனாவாலா அருகே மாற்றப்பட்டது. படங்கள் வீடுதோறும் சென்றன. கடனோ ஏறிக்கொண்டே போயிற்று. இறுதியில் அங்கு பணிபுரிந்த பிரிட்ஸ் ஷ்லைசரிடமே அதை விற்க நேர்ந்தது.

1905-இல் தம்பி மறைந்தார். உடல்நலம் குன்றிய நிலையிலும் கடலை வெல்லும் இராமரை இரவிவர்மா தீட்டி முடித்தார். 1906 அக்டோபர் 2-இல் காலமானார்.

மலிவான அச்சுப் படங்களால் கலையின் தரம் தாழ்ந்தது என்று கற்றோர் பலர் குறை கூறினர். பாட்டியின் அட்டையிலும் நீலம் கோட்டைத் தாண்டி இராமரின் தோளில் வழிந்திருக்கிறது, மறுப்பதற்கில்லை. சென்ற ஆண்டு மைசூர் ஜகன்மோகன் அரண்மனையில் மூல ஓவியத்தைக் கண்டு திகைத்து நின்றேன். ஊர் திரும்பிப் பாட்டியிடம் அதன் பெருமையெல்லாம் விவரித்தேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, நம் வீட்டில் இருப்பதைப் பார்க்க அவ்வளவு தூரம் ஏன் போனாய் என்று கேட்டார்.